சந்திராஷ்டமம் முடிந்த பிறகு

அன்புச்செல்வியின் கைனடிக் ஹோண்டாவை ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, தி. நகர் நர்சிங் ஹோம் வாட்ச்மேன்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கால் வைக்கிற இடத்தில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் பழைய போர்வையில் சுற்றிய ஒரு மெஷின், இரண்டையும் சேர்த்துச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பாள். பெட்டியில் தொண்டைக்குள் விடும் குழாய்களும் ஊசி மருந்துகளும் இருக்கும். போர்வைக்குள் இருப்பது, விரலில் மாட்டினால் நாடித் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள பிராணவாயுவையும் காட்டுகிற மெஷின்.

அவள் மயக்க மருந்து டாக்டர். எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தர வேலை கிடையாது. இடுப்பில் செருகிய பேஜர் அதிரும். பக்கத்தில் உள்ள எஸ்.டி.டி. பூத்தில் வண்டியை நிறுத்துவாள். எந்தத் தெரு, என்ன ஆபரேஷன் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புவாள். காலையில் மயிலாப்பூரில் ஒரு பிரசவம், மத்தியானம் பாண்டி பஜார் பின்னால் ஒரு குடலிறக்கம், சாயங்காலம் அடையாறில் ஒரு பித்தப்பை. அப்புறம் ஆதம்பாக்கம் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "பேஜரோட குடும்பம் நடத்துறதே பெரும்பாடா இருக்கு" என்று மழுப்பிவிடுவாள்.

வெட்டிய சர்ஜனின் பெயர் ஊருக்கே தெரியும். வெட்டும்போது உயிரைப் பிடித்து வைத்திருந்தவளின் முகம்கூட எந்த நோயாளிக்கும் நினைவில் நிற்காது. அதைப் பற்றி அவளுக்குக் குறையில்லை. அவளை அரித்தது வேறு. கூப்பிடுவது சர்ஜன். "இன்னைக்கு இந்தக் கேஸ் வேண்டாம் டாக்டர், ஆபத்து" என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் அந்த நர்சிங் ஹோமிலிருந்து பேஜர் அடிக்காது. அவளைப் போல வண்டியும் பெட்டியுமாகச் சுற்றுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஆகையால் மயக்க மருந்து டாக்டர்கள் எல்லோரும் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். நோயாளிக்காக 'நில்' என்று சொல்ல வேண்டியவரின் சோறு, நிற்க மறுப்பவரின் கையில் இருக்கிறது. இது என்ன ஏற்பாடு என்று எந்தப் பேப்பரும் எழுதியதில்லை.

தொண்ணூற்றாறில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மே மாதத்தில், ஆழ்வார்பேட்டையிலிருந்து டாக்டர் ராகவேந்திரன் கூப்பிட்டார். எலும்பு சர்ஜன். நர்சிங் ஹோமும் அவருடையதுதான். நல்ல கை. ஏழைகள் வந்தால் முகம் சுளிக்காத மனுஷர். அன்புச்செல்விக்கு வரும் அழைப்புகளில் பாதி அவருடையது.

"அன்பு, ஒரு வேடிக்கையான கேஸ் வந்திருக்கு. மந்தைவெளில நம்மாத்துல பாத்திரம் தேய்க்கற பூங்காவனத்தோட பொண்ணு. கால் எலும்புல சீழ். நான் ஒண்ணும் வாங்கிக்கப் போறதில்ல, தர்மத்துக்குத்தான் பண்றேன். உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்னுகூட நெனச்சேன்."

"ஏன் சார்?"

"அவளுக்கு வலியே தெரியாதே! பொறந்ததுலேர்ந்து அப்படித்தானாம். முந்தாநாள் ஊசியால குத்திப் பார்த்தேன், என்னையே பார்த்துச் சிரிக்கறா. ரெண்டு பேர் கையக் காலப் பிடிச்சுண்டா நான் பாட்டுக்குச் சுரண்டி க்ளீன் பண்ணிட்டு வந்துடுவேன். மயக்கம் எதுக்கு?"

அவர் கேலியாகப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"நான் வந்து பார்க்கிறேன் சார். பார்க்கிற வரைக்கும் தொடாதீங்க."

அன்று சாயங்காலமே போனாள். பொது வார்டின் கடைசிக் கட்டிலில் பன்னிரண்டு வயசுப் பெண் உட்கார்ந்து, கட்டுப் போட்ட இடது காலை ஊஞ்சல் போல ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் எலும்பு முறிந்திருந்தது. முறிந்தது தெரியாமல் அதன்மேலேயே வாரக்கணக்கில் நடந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து ஒரு அழுகல் வாடை வந்தது. விரல் நுனிகள் எல்லாம் மொட்டை. பேசும்போது நாக்கின் நுனி இல்லாதது தெரிந்தது.

"உன் பேரு என்ன கண்ணு?"

"சொர்ணம். அந்தப் பொட்டில இன்னா கீது?"

"உன்னைத் தூங்க வைக்கிற மருந்து."

"எனுக்குத்தான் வலிக்காதே. எங்க இஸ்கூல்ல குண்டூசி குத்தறதுக்கு பந்தயம் கட்டுவானுங்கோ. ஒரு குத்துக்கு ஒரு குச்சி ஐஸ். நாந்தான் ஜெயிப்பேன்." பெருமையாகச் சொன்னாள்.

தாய் பூங்காவனம் மகளின் வாயைப் பொத்தினாள். "சும்மா கெட. டாக்டரம்மா, பல்லு மொளச்சதும் நாக்க அதுவே கடிச்சித் துப்பிடிச்சி. வாயெல்லாம் ரத்தம், இது சிரிச்சிக்கினு கீது. அத்தப் பாத்துட்டு அவங்க நைனா, 'இது புள்ள இல்ல, பேயி'ன்னுட்டு வுட்டுட்டுப் போனவருதான். இன்னிவரைக்கும் திரும்பிப் பாக்கல."

"இவளுக்கு வேர்க்குமா?"

பூங்காவனம் அவளை வினோதமாகப் பார்த்தாள். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது.

"ஒரு சொட்டு வேர்த்து நா பாத்தது இல்லம்மா. வெயில் காலத்துல ஒடம்பு அடுப்பு மாரி கொதிக்கும். கொழாத் தண்ணில பாவாட சட்டைய முக்கி முக்கிப் போட்டு வுடுவேன். ஈரத்தோட இஸ்கூலுக்கு வந்தான்னு டீச்சர் முட்டிக்கு மேல அடிச்சிச்சி. இது அழல. திமிருன்னு இன்னும் அடிச்சிச்சி."

அழாத குழந்தையை, அழும்வரை அடிப்பதற்குத்தான் நம் பள்ளிக்கூடங்களில் பிரம்பு வைத்திருக்கிறார்கள். அழவே தெரியாத குழந்தை அகப்பட்டால் அந்தப் பிரம்புக்கு எல்லை ஏது?

அன்புச்செல்வி அன்றைக்கே மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போய், பழைய வெளிநாட்டு இதழ் ஒன்றில் இந்த நோயைப் பற்றிய இரண்டு பக்கக் கட்டுரையைத் தேடிப் படித்தாள். பிறகு ராகவேந்திரனின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சார், அவளுக்கு வலி தெரியாது, ஆனா தொடுறது தெரியும். அழுத்துறது, இழுக்கிறது, எலும்புல உளி தட்டுறது எல்லாம் தெரியும். பயமும் தெரியும். முழிச்சுக்கிட்டு இருக்கும்போது திமிறினா உங்க கத்தி எங்க போகும்? மயக்கம் கட்டாயம் வேணும். அவ வயித்துல சாப்பாடு சீக்கிரம் இறங்காது, வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். அதனால குழாய் போட்டுத்தான் தூங்க வைக்கணும். எல்லாத்துக்கும் மேல, அவளுக்கு வேர்க்காது. வேர்க்காத உடம்புல சூடு ஏற ஆரம்பிச்சா அதுவா இறங்காது. ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் போடுற வாய் உலர்த்துற ஊசிய வார்டுல யாரும் இவளுக்குப் போடக் கூடாது, அதுவும் சூட்டை ஏத்தும். விடிகாலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சிடணும்."

ராகவேந்திரன் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையசைத்தார். "நீங்க சொன்னா சரி. நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கே வெச்சுண்டுடலாம். தள்ளிப் போட முடியாது. சீழ் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருக்கு. நாளன்னிக்கு நான் திருமலைக்குக் கிளம்பறேன்."

மறுநாள் இருட்டு பிரியும்போதே அன்புச்செல்வி பெட்டியோடு வந்துவிட்டாள். தியேட்டர் கதவு பூட்டியிருந்தது. தியேட்டர் அசிஸ்டெண்ட் தணிகாசலம் வாசல் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அணைத்தான்.

"இன்னா மேடம், ஒங்களுக்குச் சொல்லலியா? ஐயாவுக்கு இன்னிக்கு சந்திராஷ்டமம். நேத்து ராத்திரிதான் காலண்டர்ல பாத்தாராம். பதினொன்றரைக்கு மேலதான் கத்தி புடிப்பாராம்."

"என்னது?"

"சந்திராஷ்டமம் மேடம். அவரு ராசிக்கு எட்டாவது வூட்டுல சந்திரன் ஒக்காந்துக்கினு கீறாரு. அவரு எழுந்து போனாத்தான் இவரு வருவாரு."

அன்புச்செல்வி அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா நெடுஞ்செழியன், சைதாப்பேட்டையில் தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தவர். சாமி கும்பிடாதவர், பகுத்தறிவு மேடைகளில் பேசுகிறவர். அவர் கையாலேயே ஊருக்கெல்லாம் ராகு காலமும் எமகண்டமும் கோர்த்தார். ஒரு வருஷம் ஒரு மாதம் முழுவதற்கும் நேரங்கள் இடம் மாறிவிட்டன. ஆயிரக்கணக்கான வீடுகளில் தொங்கிய காலண்டர். அந்த மாதத்தில் கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, கடை திறந்தது. ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. வருஷம் முடிந்து முதலாளிதான் கண்டுபிடித்தார். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த ராகவேந்திரனிடம் அந்தக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"கிண்டல் பண்ணாதீங்கோ அன்பு. முப்பது வருஷமா கத்தி பிடிக்கறேன். ஒரே ஒரு தடவை, எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி, சந்திராஷ்டமத்தன்னிக்கு ஒரு இடுப்பு ஆபரேஷன் பண்ணேன். டேபிள்லயே போயிட்டா. ரெண்டு சின்னக் குழந்தைகள் அவளுக்கு. அதுகளை வெளியில போய் எப்படிப் பார்த்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

"அவங்க எதனால போனாங்க சார்?"

"ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிடுத்து."

"அப்போ ரத்தக்கட்டால போனாங்க. சந்திரனால இல்ல."

"நாலு மணி நேரத்துல என்ன ஆயிடப் போறது? ஏசி இருக்கு." பேச்சு முடிந்தது என்பதுபோல அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவள் அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் அவர் மயக்கமே இல்லாமல் வெட்டுவார். காத்திருந்தால் வெயில் ஏறும். இன்னொரு நாள் விட்டால் சீழ் கொல்லும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண்ணின் உயிர்தான் எதிரே நின்றது. ஒரு மனுஷரின் பழைய துக்கம் கோள் கணக்கு உடுத்திக்கொண்டு வந்து, சம்பந்தமே இல்லாத ஒரு குழந்தையின் மார்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வார்டில் மின்விசிறி அனல் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. நர்ஸ் சொர்ணத்தின் ஈரப் பாவாடையைக் கழற்றிவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளை கவுனை மாட்டியிருந்தாள். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு அதுதான் விதி. காத்திருப்பு நீளும்போது விதியை யாரும் மறுபடி யோசிப்பதில்லை. அன்புச்செல்வி தானே கையில் ஊசி ஏற்றி க்ளூகோஸ் ஓடவிட்டாள். துண்டுகளை நனைத்து அவள் நெஞ்சிலும் கழுத்திலும் போட்டாள்.

"டாக்டர், மெத்தையெல்லாம் ஈரமாவுது" என்றாள் நர்ஸ்.

"ஆகட்டும். மெத்தை காயும்."

சொர்ணத்தின் கன்னம் சிவந்துகொண்டே வந்தது. "டாக்டரம்மா, தலைக்குள்ள பஸ் ஓடற மாரி கீது" என்று மட்டும் சொன்னாள். வேறு குழந்தையாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். இவள் உடம்புக்குக் கத்தத் தெரியாது. அதனால்தான் அன்புச்செல்விக்கு அவள்மேலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

பதினொன்றரை தாண்டி, சுவரில் இருந்த சாமிப் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ராகவேந்திரன் கை கழுவினார். தியேட்டருக்குள் சில்லென்று இருந்தது. அன்புச்செல்வி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். சொர்ணத்துக்கு ஏற்கெனவே நூற்றொன்று.

"கண்ண மூடு கண்ணு. நான் இங்கேயேதான் இருப்பேன்."

"நெசமா?"

"நெசமா."

மருந்து உள்ளே போனது. குழாய் போட்டாள். கொஞ்சமாக மயக்கக் காற்று. பச்சைத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொர்ணத்தை மூடின. இடது காலில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. ராகவேந்திரனின் கத்தி சுத்தமாக இறங்கியது. அழுகிய எலும்புத் துணுக்குகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன. உளி தட்டும் சத்தத்தையும் ஏசியின் முனகலையும் தவிர வேறு சத்தம் இல்லை.

பிறகு ஏசியின் முனகல் நின்றது.

விளக்கு ஒருமுறை அணைந்து மீண்டும் வந்தது. கீழே ஜெனரேட்டர் தடதடத்தது. அது விளக்குக்கும் சீழ் உறிஞ்சும் மெஷினுக்கும் மட்டும்தான். ஏசியைத் தாங்காது.

"கரெண்டுக்காரனுக்கு நேரங்காலமே கெடயாது" என்றான் தணிகாசலம்.

ஜன்னல்கள் இறுக்கி அடைத்த அறை. தலைக்குமேல் பெரிய விளக்கு. ராகவேந்திரனின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக எழுந்தது. நர்ஸ் துடைத்துவிட்டாள். தணிகாசலத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது. அன்புச்செல்வியின் முகமூடிக்குள் உப்புக் கரித்தது. அந்த அறையில் இருந்த எல்லா உடம்பும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேர்த்துக்கொண்டிருந்தது, மேஜைமேல் இருந்த ஒன்றைத் தவிர. அது உலர்ந்து கிடந்தது, வெயிலில் காய்ந்த கூரை ஓடு போல.

நூற்று மூன்று.

"சார், சூடு ஏறுது. நிறுத்துங்க."

"ஓடற ரத்தத்தை வெச்சுண்டு எப்படி நிறுத்தறது? பத்து நிமிஷம்."

நாடி மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. மயக்கக் காற்றை மூடிவிட்டு வெறும் பிராணவாயுவைத் திறந்தாள். நூற்று நாலரை.

"சார், துணிய எடுக்கணும்."

"என்ன பேசறேள்? எலும்பு திறந்து கெடக்கு! ஸ்டெரைல் போயிடும்!"

ஆபரேஷன் தியேட்டரில் செய்யக்கூடாத காரியங்கள் பல உண்டு. அவற்றில் தலையானதை அன்புச்செல்வி செய்தாள். கையுறை இல்லாத கைகளால் பச்சைத் துணிகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள். தட்டிலிருந்த கத்திரிக்கோல்கள் சிதறி ஓடின. நர்ஸ் "ஐயோ" என்றாள்.

"தணிகாசலம்! முக்குல கரும்பு ஜூஸ் கடை இருக்கு இல்ல, அங்க இருக்கிற ஐஸ் பாளத்த அப்படியே தூக்கிட்டு வா. கோணியோட. ஓடு!"

"தியேட்டருக்குள்ளயா மேடம்?"

"ஓடுய்யா!"

உமி ஒட்டிய கோணியில் ஐஸ் வந்தது. உடைத்து, துண்டில் சுற்றி, அக்குளிலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் அடைத்தார்கள். வெறும் ஐஸ் பட்டால் தோல் வெந்துவிடும், அதுவும் இவளுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜிலிருந்த க்ளூகோஸ் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி ஏற்றினாள். ராகவேந்திரன் திறந்த காலின்மேல் குனிந்து, வேகமாக ரத்தத்தைக் கட்டி, ஈரத் தரையில் நின்றபடியே தைத்து முடித்தார். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அதை அன்புச்செல்வி கவனித்தாள்.

நூற்று மூன்று. நூற்றிரண்டு. பொழுது சாயும்போது நூறு. சொர்ணம் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நனஞ்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டாள்.

வெளியே பூங்காவனம் சுவரோரம் குந்தியிருந்தாள். ராகவேந்திரன் அவள் தலைமேல் கை வைத்தார்.

"பிழைச்சுட்டா. கவலைப்படாதே. நேரம் பார்த்துப் பண்ணினேன், அதான் கண்டம் தப்பித்து. காலம்பறயே பண்ணியிருந்தா என்ன ஆயிருக்குமோ!"

பூங்காவனம் அவர் காலில் விழுந்தாள்.

பதினெட்டு வருஷம் தலையாட்டியவளுக்கு அந்த இடத்தில் தலை ஆடவில்லை. வராந்தாவில் நர்சுகள், நோயாளிகள், காபி ஃபிளாஸ்கோடு நின்ற உறவினர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"நேரத்தால பிழைக்கல பூங்காவனம். நேரத்தாலதான் சாகப் பார்த்தா. விடிகாலைல பண்ணியிருந்தா இந்தச் சூடு ஏறியே இருக்காது. காலண்டர் பார்த்து உன் பொண்ண மத்தியானம் வரைக்கும் காய வெச்சாங்க."

ராகவேந்திரன் கோபப்படவில்லை. மெல்லிய குரலில், "உங்க தோப்பனார் மேடையில பேசற மாதிரி பேசறேள், அன்பு. இது ஆஸ்பத்திரி" என்றார்.

அதற்குப் பிறகு ஆழ்வார்பேட்டையிலிருந்து பேஜர் அடிக்கவில்லை. ஜூன் பிறந்ததும் தி. நகரிலிருந்து இரண்டு சர்ஜன்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சர்ஜன்களுக்குள் கிளப் உண்டு, சாயங்கால டென்னிஸ் உண்டு. 'கொஞ்சம் ஒரு மாதிரி, நடு ஆபரேஷன்ல துணியப் பிடுங்கற பொம்மனாட்டி' என்ற பேச்சு அங்கே பந்தைவிட வேகமாகப் பறந்தது.

ஜூன் கடைசியில் ஒரு நாள் பேஜரில் தணிகாசலத்தின் பெயரில் ஒரு நம்பர் வந்தது. ஏதோ டீக்கடை போன்.

"மேடம், நாஞ் சொன்னேன்னு தெரிய வேணாம். அந்தப் பொண்ணு காலு மறுபடியும் சீழ் வெச்சிக்கிச்சி. முட்டிக்குக் கீழ எடுக்கப் போறாங்கோ. வூட்டுக்கு அனுப்பி வெச்சிக்கீறாங்கோ, தேதி சொல்லி."

அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குள் வண்டி போகாது. கரைமேல் நிறுத்திவிட்டு, சாக்கடைமேல் போட்டிருந்த பலகைகளைத் தாண்டி விசாரித்துக்கொண்டு போனாள். கத்திரி கழிந்தும் காற்றில் சூடு குறையவில்லை. பூங்காவனம் வாசலில் நின்று வழியை அடைத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"சொர்ணத்தப் பார்க்க."

"பாத்த வரைக்கும் போதும்மா. துணியப் புடுங்கிக் கீழ போட்டீங்களாமே. கையில ஒறகூட இல்லாம. அப்போ பூந்த கிருமிதான் இதுன்னாரு டாக்டரு. எம் பொண்ணு காலு போவுதுன்னா அது ஒங்களாலதான்."

பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழுப் பொய்யா? அந்தக் கிருமி பழைய சீழில் மிச்சம் இருந்ததா, துணி விலகியபோது நுழைந்ததா, கோணி உமியோடு வந்ததா, எந்தப் பரிசோதனையும் சொல்லப் போவதில்லை. மே மாதம் தொடங்கி ஒவ்வொரு ராத்திரியும் அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான் இந்தத் தாய் இப்போது வெளிச்சத்தில் கேட்கிறாள். நேரத்தைத் தள்ளியவர் தெய்வமாகிவிட்டார். தள்ளிய நேரத்தோடு மல்லுக்கட்டியவள் குற்றவாளி.

"என்மேலேயே இருக்கட்டும் பூங்காவனம். நான் மறுக்கல. ஆனா ஒண்ணு சொல்லு. ஆபரேஷன் எப்போ? காலையிலயா, மத்தியானமா?"

பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே இருட்டிலிருந்து குரல் வந்தது.

"நாளிக்கு டாக்டரம்மா! பன்னண்டு மணிக்கு மேலதான் நல்ல நேரமாம்!"

"வாய மூடுடி!"

"யாரு மயக்கம் குடுக்கிறாங்க? பெரிய ஆஸ்பத்திரிக்கு வா பூங்காவனம், என்கூடப் படிச்சவங்க இருக்காங்க, நான்..."

"அவரு ஒத்தப் பைசா வாங்காம செய்றாரு. அவர வுட்டுட்டு நா எங்க போவேன்? நாளிக்கி அவரு வூட்டு வாசல எப்டி மிதிப்பேன்? போங்கம்மா." சாக்குப் படுதா விழுந்தது.

அவள் கரைமேல் ஏறி, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். ராகவேந்திரன் இப்போது கூப்பிடுவது சுவாமிநாதன் என்ற இளம் மயக்க மருந்து டாக்டரை என்று தெரியும். அவன் அவளை மதிக்காவிட்டாலும், வேர்க்காத உடம்பைப் பற்றி ஒரு முறையாவது காதில் போட்டு வைக்க வேண்டும். நான்காவது மணியில் எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தயங்கினான்.

"மேடம், இந்தக் கேஸுக்கு என்னைக் கூப்பிடல."

"வேற யாரு?"

"யாரும் இல்ல மேடம். நானே சாரைக் கேட்டேன். 'வலி தெரியாதவளுக்கு மயக்கம் எதுக்கு? போன தடவை வம்பு வந்ததே அந்த மயக்கத்தாலதான்'னார். நாலு ஆள் பிடிச்சுக்கப் போறாங்களாம்."

பூத்துக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி நின்றார். அவள் அதை வாங்காமலே வெளியே வந்தாள். பலகைகளை மறுபடி தாண்டினாள். இந்த முறை படுதாவை அவளே விலக்கினாள்.

"திரும்பவும் வந்துட்டீங்களா?" பூங்காவனம் எழுந்தாள். "நாந்தான் சொன்னனே..."

"உன்கிட்டப் பேச வரல பூங்காவனம். கால் உன்னுது இல்ல, அந்த டாக்டருதும் இல்ல, என்னுதும் இல்ல. யாருதோ அவகிட்டச் சொல்லிட்டுப் போறேன்."

சொர்ணம் பாயில் ஈரச் சட்டையோடு சாய்ந்திருந்தாள். அன்புச்செல்வி அவள் பக்கத்தில் மண் தரையில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று சொன்னாள். யார் பிடித்துக்கொள்வார்கள், எது வலிக்காது, எது தெரியும், ரம்பம் எலும்பில் ஓடும்போது உடம்பு முழுக்க எப்படி அதிரும், சூடு ஏறினால் பார்க்க ஆள் இருக்காது என்பது வரை.

பூங்காவனம் தடுக்க வாயெடுத்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரம்பம் என்ற வார்த்தையை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

பந்தயத்தில் ஊசிக்குச் சிரித்த பெண் இப்போது சிரிக்கவில்லை. மொட்டை விரல்களால் இடது முழங்காலைப் பொத்திக்கொண்டாள். அன்புச்செல்வியைத் தாண்டி, தாயைப் பார்த்தாள்.

"யம்மா, அறுக்கறப்போ நா முழிச்சிக்கினா இருப்பேன்?"